விரலிற் குடியிருந்த விடாக்கண்டன்

உயிரைக் கொண்டுபோகும் நோய் வந்தால் உற்றாரும் ஊராரும் வந்து கூடுவர். உயிருக்கு ஒரு தீங்கும் செய்யாது, உடம்பின் ஒரு மூலையிற் குந்தியிருந்து, நாளுக்கு நாள் மனத்தை அரிக்கின்ற நோய்க்கோ அனுதாபம் கிடைப்பதில்லை, நகைப்புத்தான் கிடைக்கும். பாலுண்ணி என்று நாம் வழங்கும் மரு அத்தகைய நோய்களுள்ளே தலையாயது. "இதுவும் ஒரு வருத்தமா?" என்று கேட்பவர்களை நான் குறைகூறமாட்டேன். அது தம் வீட்டுப் பிள்ளையின் கையிலே மூன்று வருடம் குடியிருந்து பார்க்காதவர்கள் அவர்கள்.

எங்கள் வீட்டுக்கு இந்த அழையா விருந்தாளி வந்தது மகளின் ஒன்பதாம் வயதில். இடக்கைச் சுட்டுவிரலின் நகத்தோரத்திலே கடுகளவாய்த் தோன்றிய ஒன்று, ஆண்டொன்று கழியுமுன் மிளகளவாயிற்று. பின்பு அடுத்த விரலுக்கும் தாவியது. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது இரு கைகளிலுமாகப் பதினொன்று எண்ணினோம். அவள் வீணை பயிலுகின்றவள். மெட்டுக்களின்மேல் தந்தியை அழுத்தி ஓடவேண்டியவை இடக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலுமே. பாலுண்ணி பிடித்துக்கொண்டவையும் அவ்விரண்டுமே. தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

வலியை அவள் பொறுத்தாள். பொறுக்கமுடியாதிருந்தது வேறொன்று. பள்ளிக்கூடத்திலே கைகோத்து ஆடும் ஆட்டத்தில் அவள் கையைப் பற்ற ஒருத்தியும் முன்வரவில்லையாம். அதன்பின் சீருடையின் மடிப்பிலே கையை மறைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள். வீட்டுக்கு வருபவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னால், தம்பியை அனுப்பினாள். ஒரு நாள் இரவு, "அப்பா, இது எனக்குச் சாகும்வரைக்கும் இருக்குமா?" என்று கேட்டாள். பாலுண்ணியைப் பற்றிக் கண்ணிற்பட்டவற்றையெல்லாம் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்த ஒரு கேள்விதான்.

முதலிலே ஒரு சொல் விளக்கம். தமிழாசிரியர்கள் பிள்ளைகளுக்கு ரகர றகர வேறுபாடு கற்பிக்கையில் இதனையும் ஓர் உதாரணமாகக் கொள்ளலாம். பிறவியிலிருந்தோ பின்னரோ தோலிலே தோன்றும் கரும்புள்ளி மறு. தோல் தடித்து, முரடாகி, முளைபோல எழுவது மரு. உள்ளங்காலிலே தோன்றும் மருவைப் பலர் கால் ஆணி என்று எண்ணிவிடுகின்றனர். ஆணி, செருப்பும் பாதரட்சையும் அழுத்துவதனால் உண்டாவது. நேரே அமுக்கினால் வலிக்கும். மருவோ இரு பக்கமும் பிடித்து நசுக்கும்போது வலிக்கும். மேற்றோலைச் சற்றே சுரண்டினால், அதனுள்ளே மிகச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். அவற்றை வேர் என்று சொல்வர் சிலர். அவை வேரல்ல, இரத்தம் உறைந்துபோன நுண்ணிய குருதிக் குழாய்களே.

மருவுக்குக் காரணம் ஒரு வைரசு. 1907ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியரான சியூபோ என்பவர், மருவை அரைத்து, கிருமிகளும் கலங்களும் புகமுடியாத வடியினால் வடித்தெடுத்த நீரைத் தம் தோலிலே ஏற்றி, அங்கே மரு முளைப்பதைக் காட்டினார். அந்த வைரசின் துணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வாயிலாக மனிதன் முதன்முதலாகக் கண்டது 1949இல். இன்று அந்தக் குடும்பத்திலே இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கையிலும் காலிலும் மருவை உண்டாக்கும் இனங்கள் வேறு. பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு தொடர்புடைய இனங்கள் வேறு. நம் நாட்டுப் பாடசாலைகளிலே 2017 முதல் மாணவிகளுக்கு ஏற்றப்பட்டு வரும் ஊசி பின்னவற்றுக்கானது. இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்று எங்கேயோ கேள்விப்பட்ட என் மனைவி, பிள்ளையின் விரலிலே இருப்பது புற்றுநோய்க்கு வித்தோ என்று அஞ்சிப் பல இரவுகள் உறங்காதிருந்தாள். அந்த அச்சத்துக்கு இடமில்லை.

பிள்ளையின் அம்மம்மாவுக்கு இந்த வைரசுக் கதையில் நம்பிக்கையில்லை. முற்றத்திலே படுத்து நட்சத்திரங்களை எண்ணினபடியாற்றான் வந்தது என்பது அவர் தீர்ப்பு. வேலியோரத்து அம்மான் பச்சரிசியைக் கிள்ளி, அதன் பாலைக் காலையும் மாலையும் தொட்டுவைத்தவரும் அவரே. ஒருவர் எருக்கலம்பால் நல்லது என்றார். வேறொருவர் குதிரைமயிரால் இறுக்கிக் கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அப்பிவிட்டால் ஒரே இரவில் வெந்து விழும் என்றார். அம்மான் பச்சரிசியை நான் தடுக்கவில்லை. எருக்கலம்பாலையும் சுண்ணாம்பையும் வீட்டுக்குள் வரவிடவில்லை. எருக்கலம்பால் பட்ட விரலினாற் கண்ணைத் தேய்த்தால் கண்ணின் விழிவெண்படலம் பழுதாகும். சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்த காரமோ மருவென்றும் நல்ல தசையென்றும் பாராது, எல்லாவற்றையும் தின்னும். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் புறங்கையிலே இப்பொழுதும் ஒரு குழிந்த தழும்போடு திரிகின்றான். மரு போன இடம் அது என்று அவன் சொல்வதில்லை; சுண்ணாம்பு போன இடம் என்றே சொல்வான்.

தமிழ்நாட்டிலே வைத்தீசுவரன் கோயிலுக்குச் செல்வோர் மருவும் பருவும் மறைய வேண்டி உப்பும் மிளகும் குளத்திலே இடுவர்; வெல்லத்தைக் கரைப்பாரும் உளர். உப்புக் கரைவதுபோல நோயும் கரையவேண்டும் என்பது பிரார்த்தனை. இதனைக் கேட்டு நகைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, சுண்ணாம்பு வைத்தவனைவிட உப்பிட்டவன் தன் தோலுக்கு நன்மையே செய்தான் என்பது. ஏன் என்பது பின்னே விளங்கும்.

வைத்தியத்துக்கு வருவோம். பாலுண்ணிக்கு உலகெங்கும் முதலிலே கையாளப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று சலிசிலிக் அமிலம். மருவை வெந்நீரிலே ஊறவைத்து, அரத்தினால் மெல்ல அராவி, அமிலத்தைத் தொட்டுவைப்பது; நாள்தோறும், ஏறத்தாழ பன்னிரண்டு வாரம். மற்றது திரவ நைதரசன். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை சென்ரிகிரேட்டிலே கொதிக்கும் அந்தக் குளிர்நீரை மருவின்மேல் வைத்து உறையச்செய்வது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

எங்கள் மகளுக்கு இரண்டும் செய்தோம். பன்னிரண்டு வாரம் ஓரிரவும் தவறாது அமிலம் வைத்தாள் என் மனைவி. பதினொன்றிலே இரண்டு போயின. பின்பு ஒரு தனியார் மருத்துவ நிலையத்திலே நான்கு தடவை குளிரூட்டினார்கள். நகத்தோரம் உறையும்போது அந்தப் பிள்ளை பட்ட பாட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை. கொப்புளம் எழுந்தது; ஆறியது; ஆறிய இடத்தைச் சுற்றி வளையம்போலப் புதிய மரு முளைத்தது. ஐந்தாம் தடவைக்கு நாள் குறித்தபோது அவள், "நான் வீணையை விட்டுவிடுகிறேன், அங்கே மட்டும் கொண்டுபோகாதேங்கோ" என்றாள்.

இது எங்கள் பிள்ளையின் துரதிட்டம் மட்டும் அன்று. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ளங்காலிலே மரு உடைய 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சலிசிலிக் அமிலமும் மற்றப் பிரிவினருக்குத் திரவ நைதரசனும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியொன்று 2011இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரத்தின் பின்னர் மரு முற்றாக நீங்கியவர் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரே. ஒட்டுநாடாவை மருவின்மேல் ஒட்டிவைத்தாற் போய்விடும் என்று 2002இல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 51 பேரைக் கொண்ட அந்தச் சோதனையிலே நாடா ஒட்டியவர்களுள் நூற்றுக்கு 85 பேர் குணமடைந்தனர். 2006இல் ஒல்லாந்திலே 103 பள்ளிப் பிள்ளைகளிடம் அதனைச் செய்து பார்த்தபோது குணமடைந்தவர் நூற்றுக்கு 16 பேர். நாடாவை மருவின்மேல் ஒட்டாத பிள்ளைகளிலே 6 பேர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். இவ்வாறு ஒரு சோதனையிலே வென்றதும் மறு சோதனையிலே தோற்றதும் பாலுண்ணி மருந்துகளின் வரலாற்றிலே பல.

இனி என்ன செய்வது என்ற நிலையிலேதான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றோம். அங்கே இருந்த பெண் நிபுணர் முதலிலே மருவைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். "வீணை வாசிக்கிற பிள்ளையா? இன்றைக்கு உமக்கு நோகிற ஒன்றும் செய்யமாட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், நாங்கள் மருவை எரிக்கலாம், உறையவைக்கலாம். ஆனால் வைரசைக் கொல்லுகிற மருந்து எங்களிடம் இல்லை. அதைத் துரத்தவேண்டியது பிள்ளையின் உடம்பு. அது இன்னும் கள்ளனைக் காணவில்லை" என்றார்.

கள்ளனை உடம்பு ஏன் காண்பதில்லை? அவர் விளக்கியதை என் சொற்களிலே தருகிறேன். பெரும்பாலான வைரசுகள் இரத்தத்திலே புகுந்து, கலங்களை உடைத்து, ஆரவாரம் செய்கின்றன, காய்ச்சல் வருகிறது, நிர்ப்பீடனப் படை எழுந்து போருக்குப் போகிறது. மருவின் வைரசோ மேற்றோலைத் தாண்டி உள்ளே வருவதேயில்லை. அங்கே இரத்தக் குழாய் இல்லை. அது கலத்தை உடைப்பதுமில்லை; தானாக உதிரப்போகும் தோற்கலத்தினுள்ளே இருந்து பெருகி, அது உதிரும்போது தானும் வெளியேறுகின்றது. நாய் குரைக்காதபடி திண்ணையிலேயே சமைத்து உண்டு திண்ணையிலேயே உறங்கும் கள்ளன் அது. வீட்டுக்காரன் உள்ளே நித்திரை.

அந்த வீட்டுக்காரன் ஒருநாளும் விழிக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் மேற்கு யாவாவைச் சேர்ந்த டெடே கொஸ்வாரா என்பவரின் உடம்பு, இந்த வைரசுகளை அடக்கும் ஆற்றலை இழந்திருந்தது. கைகளும் கால்களும் மரப்பட்டைபோல வளர்ந்து, 'மர மனிதன்' என்ற பெயரை அவருக்குப் பெற்றுக்கொடுத்தன. 2008இலே ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள மருக்களைச் சத்திரவைத்தியத்தால் அகற்றினர். அவை மீண்டும் வளர்ந்தன. 2016இலே அவர் காலமானார். கத்தியால் வெட்டியதனால் மரு ஒழிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது மிக அரிதான பரம்பரைக் குறைபாடு. சாதாரணப் பிள்ளைகளுக்கோ, சிகிச்சை ஒன்றுமின்றியே, மூன்றிலே இரண்டு பங்கு மருக்கள் இரண்டு வருடத்துக்குள் தாமாக மறைந்துவிடுகின்றன. வீட்டுக்காரன் ஒருநாள் விழிக்கிறான்.

ஆங்கில இலக்கியம் கற்பிப்பவனாகையால், இதைக் கேட்டபோது பிரான்சிஸ் பேக்கனின் குறிப்பொன்று என் நினைவுக்கு வந்தது. விஞ்ஞான முறைக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவராகிய அவருக்குச் சிறுவயது முதல் விரலிலே ஒரு மரு இருந்தது. பதினாறு வயதளவிலே பாரிசில் இருந்தபோது, ஒரு மாதத்துக்குள் அவர் கைகளிலே நூறளவு மருக்கள் முளைத்தன. ஆங்கிலத் தூதரின் மனைவியார் பன்றிக் கொழுப்பை அவற்றின்மேல் தேய்த்து, அக்கொழுப்பைத் தெற்கு நோக்கிய சன்னலிலே வெயில்படும்படி ஆணியடித்து வைத்தார். வெயிலிலே கொழுப்பு உருக, ஐந்து வாரத்துக்குள் எல்லா மருவும் மறைந்தன. சிறுவயது மருவும் கூடவே போயிற்று. புதியன போனது அவருக்கு வியப்பாயில்லை. விரைந்து வந்தவை விரைந்து போகக்கூடும். பழையதும் உடன் போனதே அவருக்கு வியப்பு. பாரிசிலே உருகிய கொழுப்பும் வைத்தீசுவரன் கோயிலிலே கரையும் உப்பும் எத்துணை ஒத்திருக்கின்றன பாருங்கள்! 1927இலே சூரிச் நகரத்துத் தோல்நோய் நிபுணர் புரூனோ புளொக் என்பவர், இரைச்சலிடும் பொய்யான யந்திரமொன்றைக் காட்டி, கதிர் பாய்ச்சுவதாகச் சொல்லியே பலருடைய மருவைப் போக்கியதாக எழுதினார். யந்திரத்திலிருந்து ஒரு கதிரும் வரவில்லை.

இவற்றிலே எது நம்பிக்கையின் பயன், எது காலத்தின் பயன் என்று பிரித்தறிவது எளிதன்று. ஒன்று மட்டும் துணியலாம். போகும் தறுவாயிலே இருந்த மருவுக்கு எந்த மருந்து கடைசியாக வைக்கப்பட்டதோ, அந்த மருந்துக்கே புகழ் சேரும். உலகிலே மருவுக்கு இத்தனை மருந்துகள் இருப்பதன் இரகசியம் இதுதான்.

எனினும், எதற்கும் அடங்காத மருவுக்கு இக்கால வைத்தியம் வெறுங்கையோடு நிற்கவில்லை. அதன் நோக்கு, மருவை எரிப்பதிலிருந்து வீட்டுக்காரனை எழுப்புவதற்குத் திரும்பியிருக்கிறது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் எதிரான தடுப்பு மருந்திலே சிறிதளவை ஒரு மருவினுள்ளே ஊசியால் ஏற்றுவது ஒரு முறை. அந்த மருந்தை உடம்பு முன்னரே அறியும். அறிந்த பகைவனைக் கண்டு படை ஓடிவரும். வந்த இடத்திலே அறியாத பகைவனையும் கண்டுகொள்ளும். அதனால் ஊசி ஏற்றாத தூரத்து மருக்களும் சிலருக்கு மறைகின்றன. தோலிலே ஒவ்வாமையை வேண்டுமென்றே உண்டாக்கும் பூச்சுக்களும் உண்டு. சீனாவிலே ஒரே ஒரு மருவை 44 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திலே 30 நிமிடம் சூடாக்கி, மூன்று மாதத்திலே ஏறத்தாழ அரைப்பங்கினர் குணமடைந்ததை 2010இல் அறிவித்தனர். பிளியோமைசின் என்னும் மருந்தை மருவிலே ஏற்றுவதும் லேசர்க் கதிரும் நிபுணர் கைக்குரியவை. நாகச் சத்துக் குளிசையைப் பற்றி 2002இலே ஈராக்கிய வைத்தியர்கள் மிக நல்ல பலனை எழுதினர்; பின்வந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதிக அளவு வயிற்றைப் புரட்டும். வைத்தியரைக் கேளாது பிள்ளைக்குக் கொடுத்தல் தகாது.

எங்கள் மகளுக்கு நிபுணர் தெரிந்தெடுத்தது தடுப்பு மருந்து ஊசியை. நகத்தோரத்தைத் தொடவில்லை; நகத்தின் முளைப்பிடம் பழுதானால் நகம் கோணலாக வளரும் என்பதனால், வலக்கைப் புறங்கையிலிருந்த பெரிய மரு ஒன்றிலேயே ஏற்றினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை. இரண்டாவதன் பின் எல்லா மருவும் சிவந்து அரித்தன, பின்பு கறுத்தன. மூன்றாவதன் பின் ஒரு மாதத்திலே இடக்கை விரல்களும் வழுவழுத்தன. தழும்பு ஒன்றேனும் இல்லை.

ஊசிதான் போக்கியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மூன்று வருடம் கழிந்திருந்தது. உடம்பு தானே விழிக்கும் காலமாகவும் இருக்கலாம். பேக்கனின் கொழுப்புக்கும் எங்கள் ஊசிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊசியைப் பெற்றவர்களையும் வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் உள்ளன. ஊசியின் பக்கமே அவை பெரும்பாலும் சாய்கின்றன. அவ்வளவு சான்று ஒரு தகப்பனுக்குப் போதும்.

பெற்றோருக்குச் சில வார்த்தை. பிள்ளையின் மருவைக் கடிக்கவும் கிள்ளவும் விடாதீர்கள். அதனால் மற்ற விரல்களுக்குப் பரவும். துவாயைத் தனியாக வையுங்கள். முகத்திலும் மறைவிடத்திலும் தோன்றும் மருவுக்குக் கடைமருந்து வைக்கவேண்டாம். நீரிழிவுக்காரர் காலிலே அமிலம் வைக்கலாகாது. முதியவர்களுக்குத் திடீரெனத் தோன்றி வளருவதும், இரத்தம் கசிவதும் மருவாக இல்லாமலிருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணற்றவையாகப் பெருகினால், உடம்பின் நிர்ப்பீடனம் எவ்வாறிருக்கிறதென்று பார்க்கவேண்டும். தடுப்பு மருந்து ஊசி கருப்பிணிகளுக்கும் நிர்ப்பீடனம் குன்றியோருக்கும் ஆகாது.

இவையெல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. மரு பெரும்பாலும் போய்விடும். இன்றோ, இரண்டு வருடத்திலோ, ஐந்து வருடத்திலோ. போகும்வரை பிள்ளையின் கையை நாம் எவ்வாறு பற்றினோம் என்பதே அதன் மனத்திலே நிற்கும். பள்ளிக்கூடத்திலே ஒருத்தியும் பற்றாத அந்தக் கையை அம்மம்மா நாள்தோறும் இருமுறை மடியிலே வைத்துப் பச்சரிசிப்பால் தொட்டாரே, அந்தப் பாலுக்கு வைரசை வெல்லும் வலி இருந்ததோ இல்லையோ, அந்த மடிக்கு ஒரு வலி இருந்தது. மருந்தைத் தேடும் பெற்றோர் அதனை மறவாதிருத்தல் வேண்டும்.